முப்பத்தோரு வீடு, வீட்டுக்கு நாலு பேரு

பொறந்து வளர்ந்த தோட்டத்துக்கே கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டுப் போயி, சின்னப் புள்ளையில என்னை இடுப்புல தூக்கிச் சுமந்த அக்காகிட்ட "உங்க பேரு என்ன"ன்னு கேட்டவன் நான். அப்போ வயசு அம்பத்தொண்ணு. குடிச்சிருக்கல, காய்ச்சலும் இல்ல. காலைல பத்தரை மணி, நல்ல வெளிச்சம். அவுங்களும் சொன்னாங்க. ஐ.சி. அட்டையில இருக்குற மாதிரி முழுப் பேரு, அப்பா பேரோட சேர்த்து. நான் எழுதிக்கிட்டேன். எழுத்து சரியா இருக்கான்னு வேற ஒரு தடவை காட்டிக் கேட்டேன்.

எல்லாம் படிக்கப் போனதால வந்த வினை.

சுங்கை காடுட்ல ஒரு தொழிற்சாலையில ஸ்டோர் பார்க்குறேன். பெட்டி வரும், எண்ணுவேன். பெட்டி போகும், எண்ணுவேன். இருபத்தஞ்சு வருசமா இதுதான். ஞாயித்துக்கிழமை ஆனா லுக்குட்ல மாமியார் வீடு. அங்க கோப்பிக் கடையில மச்சினனோட அரசியல் பேசுவேன். அவன் பத்திரிகை படிக்குற ஆளு. நான் பத்திரிகையில விளையாட்டுப் பக்கம் மட்டும் பார்க்குற ஆளு. ஒருநாள் கடை முழுக்கக் கேக்குற மாதிரி நான் பேசி முடிச்சதும், "மாமா, உங்களுக்குக் குரல் இருக்கு, விசயம்தான் இல்ல"ன்னு ரொம்ப மரியாதையா சொன்னான். அந்தக் கோவத்துல நாப்பத்தேழு வயசுல பல்கலைக்கழகத்துல சேர போராங், அதான் விண்ணப்பத் தாள், எழுதிப் போட்டேன். வேலை அனுபவம் இருந்தா சேர்த்துக்குவோம்னு சொன்னாங்க. என்ன படிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, அரசியலும் சமூகவியலும்னு டிக் அடிச்சேன். தொழிற்சாலையில உடனே எனக்கு ஒய்.பி.ன்னு, சட்டமன்ற உறுப்பினரைக் கூப்பிடுற மாதிரி, பேரு வச்சாச்சு. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவன் தினமும் காலைல, "ஒய்.பி., எங்க ரோட்டுல குழி இருக்கு, கொஞ்சம் கவனிங்க"ன்னு சொல்லிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான்.

சிரம்பான்ல சனி, ஞாயிறு வகுப்பு. மொத நாளு உள்ள போனதும் புள்ளைங்கள்லாம் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லுச்சுங்க. விரிவுரையாளர்னு நெனச்சிட்டாங்க. நானும் கை காட்டி உட்காரச் சொல்லிட்டு, மெதுவா பின்னால போயி கடைசி நாற்காலியில உட்கார்ந்தேன். அப்புறம் நாலு வருசமும் நான் அங்கிள்தான்.

கோவத்துல படிக்கப் போனாலும், சில விசயம் நெஞ்சுல இடிச்சுச்சு. எங்கம்மா பால் மரம் வெட்டுனவங்க, ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்குற வேலை. விடியறதுக்கு முன்னால ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போயி வரிசையில நிப்பாங்க. ஆபீஸ் கிராணி பேரைக் கூப்பிடுவாரு, வேலை வாங்குற மண்டோர் பார்த்துக்கிட்டு நிப்பாரு. சின்ன வயசுல அதைப் பார்க்குறப்ப, மழை பெய்யுற மாதிரி அது தானா நடக்குற ஒண்ணுன்னு நெனச்சிருந்தேன். யாரோ ஒருத்தர் எங்கயோ மேசை போட்டு உட்கார்ந்து, இத்தன மணிக்கு இத்தன பேரு வரிசையா நிக்கணும்னு முடிவு பண்ணித்தான் எங்கம்மா அங்க நின்னாங்கன்னு எனக்கு ரெண்டாவது வருசத்துல, ஏர்கோன் போட்ட வகுப்புலதான் வெளங்குச்சு. அன்னிக்கு அதிகாரம்ங்குற தலைப்புக்குக் கீழ நான் ஒரு வரிகூட எழுதல. பக்கத்துல இருந்த பொண்ணு, "அங்கிள், பேனா வேணுமா"ன்னு கேட்டுச்சு.

கடைசி வருசம் ஆய்வு ஒண்ணு எழுதணும். அது இல்லாம பட்டம் கிடையாது. சின்னச் சமூகத்துல முடிவு எடுக்குறது யாருன்னு என் தலைப்பு. எங்க போயிக் கேக்குறதுன்னு ரொம்ப யோசிக்கல. ரந்தாவ் பக்கம் நான் பொறந்த தோட்டம் இருக்கே. ரப்பர் மரம் போயி செம்பனை மரம் வந்தாச்சு. நம்ம ஆளுங்க இப்போ தோட்டத்து வேலை செய்யல, மோட்டர் சைக்கிள்ல சுங்கை காடுட்டுக்கும் போர்ட்டிக்சனுக்கும் போறாங்க. ஆனா ரெண்டு வரிசை லயத்துல முப்பத்தோரு வீடு இன்னும் நம்ம வீடுதான். நம்ம வீடுன்னு சொல்றது வாய்ப் பழக்கம். வீடு கம்பெனிது.

ஆய்வு எப்படிச் செய்யணும்னு ஒரு கையேடு குடுத்திருந்தாங்க. ஆய்வு செய்றவரு சுத்தமா உடுத்தணும், அடையாள அட்டை போடணும், உறவு காட்டக் கூடாது, எல்லார்கிட்டயும் ஒரே கேள்வியை ஒரே மாதிரி கேக்கணும், சொன்னதை அப்படியே எழுதணும். என் வாழ்க்கையில நான் வரி தவறாமப் பின்பத்துன ஒரே புத்தகம் அதுதான். வீட்டுக்காரி முழுக்கைச் சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்தா. கல்யாணத்துக்குப் போற கறுப்புச் சப்பாத்தைத் தொடைச்சுப் போட்டுக்கிட்டேன். மேல கிளிப் வச்ச பலகை ஒண்ணு, ஸ்டோர்ல பெட்டி எண்ணுறப்ப பிடிக்கிறது, அதையும் எடுத்துக்கிட்டேன்.

லயத்துல மொத வீடு அந்த அக்கா வீடு. என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவங்க. எங்கம்மா வெட்டுக்குப் போனதும் என்னைப் புள்ளைங்களைப் பார்த்துக்குற ஆயாக் கொட்டகையில கொண்டு விட்டு, வெயில் ஏறுனதும் தூக்கிட்டு வர்றது அவுங்க வேலை. இப்போ ரந்தாவ்ல ஒரு பள்ளிக்கூடக் கேண்டீன்ல சமைக்கிறாங்க. நான் மோட்டரை நிறுத்தி, கையேட்டுல சொன்ன மாதிரி தொண்டையைச் சரி பண்ணிக்கிட்டு, "வணக்கம், நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வு சம்பந்தமா வந்திருக்கேன்"னு ஆரம்பிச்சேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. சப்பாத்தைப் பார்த்தாங்க. கழுத்துல தொங்குற அட்டையைப் பார்த்தாங்க. உள்ள போயி செவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணைக் கொண்டாந்து வாசல்ல போட்டாங்க.

"உட்காருங்க"ன்னாங்க.

எனக்குப் பெருமையா இருந்துச்சு. படிச்சவனுக்கு மரியாதைன்னு நெனச்சேன். உட்கார்ந்து கேள்வியை ஆரம்பிச்சேன். பேரு கேட்டேன். வீட்ல எத்தன பேருன்னு கேட்டேன். நாலு பேருன்னாங்க. அக்கா வீட்ல மகன்க ரெண்டு, மருமகளுங்க, பேரப் புள்ளைங்கன்னு ஒம்போது பேருன்னு எனக்குத் தெரியும். உள்ளருந்து எல்லாம் எட்டிப் பார்த்துக்கிட்டும் இருக்கு. ஆனா சொன்னதை அப்படியே எழுதணும்ல. நாலுன்னு எழுதுனேன். தண்ணி, ரோடு எல்லாம் எப்படி இருக்குன்னு கேட்டேன். நல்லா இருக்கு. பிரச்னைன்னா யார்கிட்ட சொல்லுவீங்க? ஆபீஸ்ல சொல்லுவோம். கூட்டம் போட்டா போவீங்களா? போவோம். நன்றி சொல்லிட்டு எந்திரிச்சேன்.

ரெண்டாவது வீட்டுக்குப் போனா, அங்கயும் வாசல்ல செவப்பு நாற்காலி எனக்காகத் தயாரா இருக்கு. மூணாவது வீட்லயும் இருக்கு. ஒவ்வொரு நாற்காலியிலயும் வலது கைப்பிடியில ஒரே மாதிரி வெடிப்பு. உட்கார்றப்ப முழங்கையைக் கடிக்குது. பாசார்ல யாரோ மொத்தமா வாங்கி லயத்துக்கே வித்திருக்கான், சாமான் தரமில்லன்னு நெனச்சேன். முப்பத்தோரு வீட்லயும் அந்த வெடிப்பு என் முழங்கையைக் கடிச்சுது. எனக்கு ஒறைக்கல. தனி ஆளா இருக்குற ஒரு அண்ணன், பொண்டாட்டி செத்து பத்து வருசம் ஆச்சு, அவரும் நாலு பேருன்னாரு. நாலுன்னு எழுதிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல ஏத்துனேன். எல்லாக் கேள்விக்கும் முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு. அதை வரைபடம் போடச் சொன்னா ஒரே ஒரு கம்பம் நட்டமா நிக்குது, கோயில் கொடிக்கம்பம் மாதிரி. இந்தச் சமூகத்துல கருத்து ஒற்றுமை மிக உயர்ந்த நிலையில இருக்குன்னு முடிவுரை எழுதி அனுப்பிட்டேன். அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்.

பத்து நாள்ல என் ஆய்வைப் பார்க்குற விரிவுரையாளர் கூப்பிட்டு அனுப்புனாங்க. மலாய்க்காரப் பொண்ணு, என் மூத்த மகளைவிட ஒரு வயசு கூட இருக்கலாம். வகுப்புல என் கிண்டலுக்குச் சிரிக்கிற ஆளு. அன்னிக்குச் சிரிக்கல. போராங் எல்லாத்தையும் மேசையில பரப்பி வச்சிருந்தாங்க. கதவைச் சாத்திட்டு, மெதுவா மலாய்ல கேட்டாங்க.

"அங்கிள், இதையெல்லாம் வீட்ல உட்கார்ந்து நீங்களே எழுதினீங்களா?"

நான் சிரிச்சேன். அவுங்க சிரிக்காததைப் பார்த்து நிறுத்துனேன். முப்பத்தோரு வீட்ல முப்பத்தோரு பேரும் ஒரே பதில் சொல்றது நடக்காதுன்னாங்க. இட்டுக்கட்டுன ஆய்வுன்னு வந்தா குழுவுக்கு அனுப்பியாகணும், அனுப்புனா பட்டம் கிடையாது, நாலு வருசமும் போச்சு. அவுங்களுக்கு அதைச் சொல்றதே கஷ்டமா இருந்துச்சு, பேனா மூடியைக் கழட்டிக் கழட்டி மாட்டுனாங்க. ரெண்டு வாரம் தர்றேன், எப்படி இப்படி வந்துச்சுன்னு எனக்கு வெளங்க வைங்கன்னு சொல்லி அனுப்புனாங்க.

வாழ்க்கையில எத்தனையோ பொய் சொல்லியிருக்கேன். உடம்பு சரியில்லன்னு லீவு எடுத்து மீன் பிடிக்கப் போயிருக்கேன். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. நெசமா வெயில்ல நடந்து வீடு வீடாக் கேட்டு எழுதுனதுக்குத்தான் பொய்யன்னு பேரு.

வீட்டுக்காரிகிட்ட சொன்னேன். போராங்கைப் புரட்டிப் பார்த்தா. லுக்குட் கடைத்தெருவுல வளர்ந்தவ, தோட்டம் தெரியாது. ஆனா அந்த அக்கா வீட்டு விசேசத்துக்கெல்லாம் வந்திருக்கா. "அங்க ஒம்போது பேருல்ல, ஏன் நாலுன்னு எழுதுனீங்க?"ன்னா. சொன்னதை எழுதணும்னு கையேட்டுல இருக்குன்னேன். அப்புறம் கறியைச் சூடு பண்ணப் போயிட்டா. திட்டியிருந்தாலும் பரவாயில்ல.

சனிக்கிழமை சாயங்காலம், வகுப்புக்கு மட்டம் போட்டுட்டு, பழைய டீ சட்டையும் சிலிப்பருமா மோட்டரை எடுத்தேன். கையில ஒண்ணும் இல்ல. அக்கா வீட்டுப் பக்கவாட்டுல உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தாங்க. நிமிர்ந்து பார்த்தாங்க.

"இன்னைக்கு யாரா வந்திருக்கீங்க, சாராவா, தம்பியாவா?"

தம்பியான்னேன். நாற்காலி வரல. வாசப்படியில உட்கார்ந்தேன். ஒரு கட்டுக் கீரையைத் தூக்கி என் மடியில போட்டாங்க. உருவிக்கிட்டே நடந்ததைச் சொன்னேன். நாற்காலி வெடிப்புன்னு வந்ததும் உள்ள மருமக சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்தான் அக்கா சொன்னாங்க. நாற்காலி ஒண்ணே ஒண்ணுதான். நான் மொத வீட்டு வாசல்ல எந்திரிச்சதும், மருமக அதைத் தூக்கிக்கிட்டு லயத்துப் பின்பக்கமா அடுத்த வீட்டுக்கு ஓடியிருக்கா. நாற்காலியோட பதிலும் போயிருக்கு. மொத வீடு என்ன சொல்லுதோ அதுதான் கடைசி வீடு வரைக்கும். தாள் எடுத்துக்கிட்டு யார் வந்தாலும் இங்க அப்படித்தான்.

எனக்குக் காது சூடாயிருச்சு. ஏன்னா இது எனக்குத் தெரியும். வீட்டுக்கு ரெண்டு ஆட்டுக்கு மேல வளர்க்கக் கூடாதுன்னு தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எண்ண வர்றப்ப, எங்கம்மா சொல்லி நானே பின்பக்கமா ஓடி, வீட்டுக்கு ரெண்டு ஆடுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். மீதி ஆட்டையெல்லாம் ரப்பர் காட்டுக்குள்ள ஓட்டி விட்டுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னிருக்கேன். நாலு வருசம் சமூகவியல் படிச்சதுல அதை எங்கயோ தொலைச்சுட்டேன்.

நாலு பேருன்னா என்ன கணக்குன்னு கேட்டேன். போன மாசம் கார்ல கம்பெனி ஆளுங்க ரெண்டு பேரு வந்து வீட்டை அளந்து பார்த்துட்டுப் போனாங்களாம். ஒம்போது பேருன்னு சொன்னா, இத்தன பேரு இருக்கக் கூடாதுன்னு வெளிய போகச் சொல்லுவான். ஒரு ஆளுன்னா, தனி ஆளுக்கு எதுக்கு வீடுன்னு சாவியைக் கேப்பான். நாலு பேருன்னா யாருக்கும் கண்ணு உறுத்தாது. (இங்க நான் ரந்தாவ், முப்பத்தோரு வீடு, நாலு பேருன்னு எழுதுறதும் நெசமில்ல, மாத்தி எழுதுறதுதான். இந்தத் தடவையாவது புத்தியா நடந்துக்கணும்ல.)

"ஆனா வந்தது நான்தானேக்கா"ன்னேன்.

அக்கா கீரையை முறத்துல போட்டுட்டு கையைத் தொடைச்சுக்கிட்டாங்க.

"எம்பேரைக் கேட்டியேடா."

நான் இன்னொரு காம்பைக் கிள்ளுனேன். அவுங்களே தொடர்ந்து பேசுனாங்க. நான் கம்பெனி வேலையில சேர்ந்துட்டேன்னு லயமே நெனச்சிருக்கு. நம்ம புள்ளைய அனுப்பியிருக்கானுங்க, மேல உள்ளவன் பார்த்துக்கிட்டு இருப்பான், நாம அவனைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா அவன் வேலைக்கு ஆபத்துன்னு பேசி வச்சிருக்காங்க. அதனாலதான் ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடல. அதனாலதான் அந்தத் தனி ஆளு அண்ணன், என் கூட மீன் பிடிக்க வந்தவரு, என்னை சார்னு கூப்பிட்டாரு. நான் உறவு காட்டக் கூடாதுன்னு பாடம் படிச்சுட்டுப் போனேன். அவுங்க எனக்காக உறவு காட்டாம இருந்திருக்காங்க. முப்பத்தோரு வீடும்.

முருங்கைக்கீரை உருவுறப்ப தூசி கண்ணுல படும்னு சொல்லிக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

பட்டம் விசயத்தை அப்புறம்தான் சொன்னேன். எப்படி ஒரே பதில் வந்துச்சுன்னு எழுதுனா தப்பிச்சுக்கலாம். எழுதுனா இந்த நாற்காலி விசயம் வெளிய வந்துரும். எழுதலைன்னா நாலு வருசம் போச்சு. நீங்க சொல்லுங்க, நீங்க வேண்டாம்னா எழுதலைன்னேன். நெசமாத்தான் சொன்னேன். மோட்டர்ல வர்றப்பவே முடிவு பண்ணியிருந்தேன்.

"சனி ஞாயிறெல்லாம் போனியா?"

ஆமான்னேன்.

"நாலு வருசமும்?"

ஆமான்னேன். நோன்புப் பெருநாள், சீனப் பெருநாள் தவிர.

அக்கா முறத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாங்க. பின்பக்கம் போயி அடுத்த வீட்டைப் பார்த்து ஒரு குரல் குடுத்தாங்க. அங்கருந்து அடுத்த வீட்டுக்கு இன்னொரு குரல் போச்சு. பத்து நிமிசத்துல வாசல் நெறைஞ்சுருச்சு. யாரும் நாற்காலி கேக்கல. அக்கா எல்லாருக்கும் பொதுவா, "இவன் படிப்பு போயிடும்போல. கேக்குறதுக்கு நெசத்தைச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, கோப்பி போட உள்ள போயிட்டாங்க.

அன்னிக்கு இருட்டுற வரைக்கும் பேசுனாங்க. மேட்டுல இருக்குற வீட்டுக்குத் தண்ணி ஏறுறதில்ல. ரோட்டுல செம்பனை லோரி போயி ஆளை முழுங்குற குழி. கூட்டத்துக்கு யாரும் போறதில்ல, ஏன்னா கூட்டமே போடுறதில்ல. பிரச்னைன்னா யார்கிட்ட சொல்லுவீங்கன்னு நான் கேட்டப்ப, ஒருத்தரும் ஆபீஸ்னு சொல்லல. எல்லாரும் கோப்பித் தட்டோட வந்த அக்காவைப் பார்த்தாங்க. "என்னை எதுக்குப் பார்க்குறீங்க, மொத வீடு எனக்கு விழுந்திருக்கு, அவ்வளவுதான் லா"ன்னாங்க அக்கா. தனி ஆளு அண்ணன் பக்கத்துல வந்து உட்கார்ந்து, "சார், உங்க வீட்ல எத்தன பேரு?"ன்னு கேட்டாரு. வாசலே சிரிச்சுது. நாலுன்னேன். அது நெசமாவே நாலுதான்.

முழு ஆய்வையும் திருப்பி எழுதுனேன். கொடிக்கம்பத்தை எடுக்கல, அப்படியே விட்டுட்டு, அந்தக் கம்பம் எப்படி நின்னுச்சுன்னு எழுதுனேன். தோட்டத்துப் பேரு போடல. எத்தன வீடு, எந்தப் பக்கம், எதுவும் போடல. விரிவுரையாளர் என் முன்னாலேயே உட்கார்ந்து படிச்சாங்க. நாற்காலி பக்கம் வந்ததும் சிரிச்சாங்க. அடுத்த பக்கத்துல சிரிப்பு நின்னுருச்சு. படிச்சு முடிச்சதும், அந்த அக்காகிட்ட அனுமதி கேட்டீங்களான்னு மட்டும் கேட்டாங்க. கேட்டேன்னு சொன்னேன். பி போட்டாங்க. ஏ போடாததுக்குக் காரணம், கம்பத்துக்குக் கீழ அளவு எழுத மறந்துட்டேனாம்.

பட்டமளிப்பு அன்னிக்குப் போட்ட ஜுபா, அந்தக் கறுப்பு அங்கி, எனக்கு நீளம். மேடையில ஏறுறப்ப மிதிச்சு விழப் பார்த்தேன். படம் எடுத்த வீட்டுக்காரி அந்த நிமிசத்தைத்தான் சரியா எடுத்திருக்கா. மச்சினன் ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தான், அரசியல் பேசல.

நீல அட்டை போட்டுக் கட்டுன ஆய்வை ஒரு பிரதி எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கையைப் பாவாடையில நல்லாத் தொடைச்சுக்கிட்டுத்தான் வாங்குனாங்க. உள்ள எல்லாம் மலாய். நாற்காலி எங்க வருதோ அந்தப் பக்கத்தைத் தமிழ்ல சொல்லுன்னாங்க. வாசப்படியில உட்கார்ந்து ஒவ்வொரு வரியாச் சொன்னேன். ஒரு இடத்துல தலையாட்டுனாங்க. ஒரு இடத்துல, மருமக ஓடல, வேகமா நடந்தான்னு திருத்துனாங்க. முடிச்சதும் புத்தகத்தை மூடி, அட்டையைத் தடவிக் குடுத்து, சாமிப் படத்துக்குப் பக்கத்துல கொண்டு போயி வச்சாங்க. நல்லா எழுதியிருக்கேன்னு ஒரு வார்த்தை வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன். திரும்பி வந்து வாசல்ல நின்னு என்னைப் பார்த்தாங்க.

"எங்க பதிலை உன் படிப்புக்குக் குடுத்துட்டோம். அடுத்து தாள் எடுத்துக்கிட்டு ஒருத்தன் வருவான்ல, அவன்கிட்ட என்ன சொல்றதுன்னு பட்டதாரி நீயே யோசிச்சு எழுதிக் கொண்டா."